ப்ரைமரில் தூசி: வாசகர் கேள்வி பதில்

ஆடி பிறந்துவிட்டால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் என்று எந்த ஊரையும் சும்மா விடுவதில்லை. இந்த மாதம் மாடல் கார் பகுதிக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலும் ஒரே புகார்தான்: ப்ரைமர், அதாவது நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு, அடித்தால் தூசி ஒட்டுகிறது. ஒன்றுபோல் இருந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடுதுங்க. 1:24 கார் பாடிக்கு ஸ்ப்ரே கேனில் சாம்பல் ப்ரைமர் அடிச்சேன். பானெட் மேல பஞ்சு இழை ஒண்ணு விழுந்துச்சு. ட்வீசரில் பிடிச்சு எடுத்துட்டேன். இழை வந்துடுச்சு, ஆனா அந்த இடத்தில் குழி. இப்ப என்னங்க பண்றது?
*வாசகர், சோமனூர்*

இப்போதைக்கு ஒன்றும் பண்ண வேண்டாம். தின்னரில் கரைத்த லாக்கர் வகை ப்ரைமர், ஆறுகிற பாலைப் போல, அடித்த கொஞ்ச நேரத்திலேயே மேலே ஆடை கட்டிவிடும். அடியில் ஈரம் அப்படியே இருக்கும். அந்த நிலையில் எதை இழுத்தாலும் ஆடையும் சேர்ந்து கிழிந்து வரும். உங்கள் குழி அப்படி வந்ததுதான். அடுத்த முறை இழை விழுந்தால் பார்த்துக்கொண்டே சும்மா இருங்கள். காய்ந்த பிறகு அதை எடுப்பது ஐந்து நிமிட வேலை.

குறைந்தது 24 மணி நேரம் காயட்டும், மழை நாளென்றால் இரண்டு நாள். பாடியை மூக்கருகே வைத்துப் பாருங்கள். தின்னர் வாசனை வந்தால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம். அரைகுறையாகக் காய்ந்ததைத் தேய்த்தால் ப்ரைமர் பொடியாக வராது, உருண்டு உருண்டு வந்து வாட்டர் பேப்பரை (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) அடைத்துக்கொள்ளும்.

முதலில் குழியைப் பார்ப்போம். ப்ரைமர் படலத்தின் கனம் மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். சுற்றிலும் தேய்த்துச் சமமாக்கப் பார்த்தால் குழி போவதற்குள் பிளாஸ்டிக் தெரிந்துவிடும். அதனால் நிரப்புவதே வழி. ஸ்ப்ரே கேனின் மூடியில் கொஞ்சம் ப்ரைமரை அடித்து, ஓரிரு நிமிடம் கெட்டியாக விட்டு, பல்குச்சி முனையால் ஒரு பொட்டு எடுத்துக் குழியில் வையுங்கள். பாட்டிலில் வரும் மாடல் ப்ரைமரான மிஸ்டர் சர்ஃபேசர் 500 அல்லது 1000 இருந்தால் இன்னும் நல்லது. பொட்டு காயும்போது சுருங்கும், ஆகவே விளிம்பைவிடச் சற்றே மேடாக நிற்கட்டும். இதற்கு இன்னொரு முழு இரவு வேண்டும்.

இனி தேய்ப்பு. வாட்டர் பேப்பரில் 1000, 1500, 2000 என்று மூன்று நம்பர் போதும். ஒவ்வொன்றிலும் நகத்தின் அளவுக்குத் துண்டுகள் வெட்டி, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்ட தண்ணீரில் கால் மணி நேரம் ஊற வையுங்கள். சோப்பு இருந்தால் தேய்த்த பொடி பேப்பரில் அடையாது. வெறும் விரலால் தேய்க்காதீர்கள். விரல் மெத்தென்று இருப்பதால் மேடும் தேயும், பக்கத்துப் பள்ளமும் தேயும். பென்சில் ரப்பரைப் பாதியாக வெட்டி அதன்மேல் பேப்பரைச் சுற்றுங்கள். குருணை மட்டும் தேய வேண்டுமென்றால் ஐஸ் குச்சியின் நுனியில் பேப்பரை ஒட்டிக்கொள்ளலாம்.

துருத்தி நிற்கும் இழை இருந்தால் தேய்ப்பதற்கு முன் 11-ம் நம்பர் சர்ஜிகல் பிளேடைப் பரப்போடு படுக்க வைத்து மெல்லச் சீவிவிடுங்கள். இழை பாதி உள்ளே புதைந்திருந்தாலும் கவலையில்லை. மேலே நிற்பது போனால் போதும், உள்ளே இருப்பது ப்ரைமரோடு ப்ரைமராக இருந்துவிடும். பிறகு 1000-ல் மேட்டை இறக்கி, 1500-ல் சமமாக்கி, 2000-ல் கீறலை ஆற்றுங்கள். மேலே சாதாரண பளபளப்பு நிறம் வரப்போகிறதென்றால் 1500-லேயே நிறுத்தலாம். மெட்டாலிக் என்றால் 2000 கட்டாயம், இல்லாவிட்டால் கீறல் வரிவரியாகத் தெரியும்.

நாலைந்து இழுப்புக்கு ஒருமுறை துடைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்துப் பாருங்கள். மேலிருந்து அடிக்கும் டியூப் லைட் வெளிச்சத்தில் எல்லாமே நன்றாகத்தான் தெரியும். பானெட் விளிம்பு, சக்கர வளைவு, கதவு இடுக்கின் ஓரம் ஆகிய இடங்களில்தான் ப்ரைமர் முதலில் தேய்ந்து போகும். அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத் தேயுங்கள். எங்காவது பிளாஸ்டிக் எட்டிப் பார்த்தாலும் பாடியைக் கழுவி, உலர்த்தி, அந்த இடத்தில் 15 முதல் 20 செ.மீ. தூரத்திலிருந்து இரண்டு மெல்லிய கோட் அடித்தால் மூடிவிடும்.

இவ்வளவு சிறிய குருணைக்கு இத்தனை பாடா என்று கேட்கலாம். 0.2 மி.மீ. இழை 1:24 அளவில் நிஜக் காரின்மேல் கிட்டத்தட்ட அரை சென்டிமீட்டர் தடிமனுள்ள கயிறு. கண்ணுக்குத் தெரியாமல் எப்படிப் போகும்?

தறிக்கு ஒரு யோசனை: மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளைச் செய்தித்தாளில் பார்த்து வையுங்கள். தறி நின்று ஒரு மணி நேரம் கழித்து அடியுங்கள். ஸ்ப்ரே கேனுக்குத்தான் கரண்ட் வேண்டாமே.

தூசி ஒரு இடத்தில் இல்லை, பாடி முழுக்க உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக இருக்கிறது. மொட்டை மாடியில், மதியம் அடித்தேன். இவ்வளவு தூசியை எப்படி எடுப்பது?
*வாசகர், உடுமலை*

அது தூசியே இல்லை. ப்ரைமர் துளி பாடியைத் தொடுவதற்கு முன்பே காற்றில் காய்ந்து, பொடியாக வந்து உட்கார்ந்திருக்கிறது. கேனைத் தள்ளிப் பிடித்தது, காற்று, மதிய வெயில் மூன்றும் சேர்ந்தால் இப்படித்தான் ஆகும். தூசிக் குருணை தனித்தனியாக, இங்கொன்றும் அங்கொன்றுமாக நிற்கும். கையால் தடவினால் ஒற்றை முள்ளாகக் குத்தும். காய்ந்து விழுந்த ப்ரைமர் ஒரே சீராக இருக்கும், அதிலும் கண்ணாடிச் சட்டத்தின் அடி, பம்பர் வளைவு, ரூஃபின் உள்மடிப்பு போன்ற இடங்களில் கூடுதலாக இருக்கும்.

இதற்குக் குருணை குருணையாகப் போராட வேண்டாம். 1500 நம்பர் ஸ்பாஞ்ச் பேப்பரை நனைத்து முழுப் பாடியையும் லேசாக ஒரு சுற்று தேய்த்தால் பொடி உதிர்ந்துவிடும். பிறகு காலை 6 மணியிலிருந்து 7 மணிக்குள் அடியுங்கள். ஆடியிலும் அந்த நேரத்தில் காற்று கொஞ்சம் ஓய்ந்திருக்கும். தூரத்தை 15 செ.மீ. ஆகக் குறையுங்கள். கேனின் வீச்சு பாடிக்கு வெளியே தொடங்கி, பாடியைக் கடந்து வெளியே முடியட்டும்.

கடிதத்தின் அடியில் கேனைச் சூடாக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். குளிர்ந்த காலையில் 40 டிகிரி தண்ணீரில், அதாவது கை தாங்கும் சூட்டில், சில நிமிடம் வைத்தால் துளி நைசாக வரும். அடுப்புத் தீயிலோ கொதிநீரிலோ கூடவே கூடாது. 50 டிகிரிக்கு மேல் போனால் கேன் வெடிக்கலாம்.

அடிப்பதற்கு முன் பாடியை நன்றாகத் துடைத்துத்தான் அடிக்கிறேன். எங்கள் ஊரில் பனியன் வேஸ்ட் கிலோக் கணக்கில் கிடைக்கும், அதில்தான் துடைக்கிறேன். இருந்தும் பஞ்சு ஒட்டுகிறதே?
*வாசகி, திருப்பூர்*

இருந்தும் இல்லை, அதனால்தான். பட்டறையில் கிரீஸ் துடைக்கப் பனியன் வேஸ்டை விட்டால் வேறு துணி கிடையாது. ஆனால் வெட்டிய ஓரத்திலிருந்து இழை உதிர்ந்துகொண்டே இருக்கும். போதாததற்கு, மாடல் பாடியின் பாலிஸ்டிரீன் பிளாஸ்டிக்கைக் காய்ந்த துணியால் தேய்த்தால் மின்னேற்றம் ஏறும். மின்சாரம் கடத்தாத பொருள் என்பதால் அது அங்கேயே தங்கி, அறையில் மிதக்கும் பஞ்சையெல்லாம் கூப்பிட்டு ஒட்டவைக்கும். மாசி முதல் சித்திரை வரை வறண்ட நாட்களில் இது இன்னும் மோசம். நீங்கள் அழுத்தித் துடைக்கத் துடைக்க நிலைமை கெடும்.

துடைப்பதை விட்டுவிட்டுக் கழுவுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம், பழைய மென்மையான டூத் பிரஷ். பாடியின் உள்பக்கத்தையும் கழுவ வேண்டும், பலர் விட்டுவிடுவது இதைத்தான். முன்பு பட்டி தேய்த்த பொடி கதவு இடுக்கிலும் உள்மடிப்பிலும் தங்கியிருக்கும். ஸ்ப்ரேயின் வேகம் அதைக் கிளப்பி ஈர ப்ரைமர் மேலேயே போடும். ப்ரைமரில் நாம் பார்க்கும் குருணையில் நிறைய இப்படிப் பாடியோடு சேர்ந்து வந்ததே. ஊரில் உள்ள காற்றை மட்டும் குறை சொல்வது அநியாயம்.

கழுவியபின் நிழலில், மூடிய இடத்தில் தானாக உலரட்டும். அடிப்பதற்குச் சற்று முன் புது மைக்ரோஃபைபர் துணியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் லேசாக நனைத்து ஒரு இழுப்பு, பிறகு கேமரா லென்ஸுக்குப் பயன்படும் ரப்பர் ஊதுகுழலால் இடுக்குகளில் நாலு ஊது. வாயால் ஊதாதீர்கள், எச்சில் துளி விழுந்த இடத்தில் ப்ரைமர் பிடிக்காது. கார் பெயின்ட் கடையில் கிடைக்கும் டேக் கிளாத் (தூசியை ஒட்டி எடுக்கும் பிசின் துணி) வைத்திருந்தால் அதன் எடையிலேயே தடவிச் செல்லட்டும். அழுத்தினால் அதிலுள்ள பிசின் பாடியில் ஒட்டி, வேறு வம்பு வரும். கைக்கு நைட்ரைல் கையுறை போடுங்கள். தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெய் கைவழியே பாடிக்குப் போனால் ப்ரைமர் வட்டவட்டமாக விலகிக் குழி விழும். அதையும் தூசி என்று நினைத்துத்தான் பலர் எழுதுகிறார்கள்.

ப்ளோயர், ஏ.சி. எதுவும் இல்லாத வாடகை வீடு. அடிக்கும் இடத்தை எப்படித் தயார் செய்வது? அதிகம் செலவு செய்ய முடியாது.
*கல்லூரி மாணவர், கோபிசெட்டிபாளையம்*

செலவே வேண்டாம் தம்பி. அடிப்பதற்கு அரை மணி நேரம் முன்பு காத்தாடியை நிறுத்துங்கள், வாசல் தெளிப்பதுபோல் தரையில் தண்ணீர் தெளியுங்கள். பெருக்காதீர்கள். பெருக்குவதென்றால் முதல் நாளே பெருக்கிவிட வேண்டும். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அடிப்பதும், புதுப் பருத்திச் சட்டையோடு அடிப்பதும் பஞ்சைக் கையோடு கொண்டுவருவது மாதிரி. பலமுறை துவைத்த பழைய சட்டை போதும்.

அட்டைப்பெட்டியை ஸ்ப்ரே கூண்டாக வைப்பவர்கள் அதன் வெட்டு விளிம்பிலிருந்து நார் உதிர்வதைக் கவனிப்பதில்லை. உள்ளே பளபளப்பான ஃப்ளெக்ஸ் பேனர் துண்டை ஒட்டிவிடுங்கள். திருமண வரவேற்பு, தேர்தல், காதுகுத்து எதற்கு அடித்த பேனரானாலும் சரி, வெறும் பக்கம் உள்ளே தெரியட்டும். ஈரத்துணியால் துடைத்துவிட்டு அடிக்கலாம். அடித்து முடித்ததும் பெரிய பிளாஸ்டிக் டப் ஒன்றை ஈரத்துணியால் உள்ளே துடைத்து, பாடிமேல் கவிழ்த்துவிடுங்கள். ஒரு ஓரத்தில் பென்சில் வைத்துத் தூக்கி இடைவெளி விட்டால் தின்னர் ஆவி வெளியேறும். முதல் அரை மணி நேரத்தைக் கடந்துவிட்டால் அதன்பிறகு விழும் தூசி ஒட்டாது, ஊதினால் போய்விடும்.

ஒன்றில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்: ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க். துணி மாஸ்க் தின்னர் ஆவியைத் தடுக்காது. சாமி விளக்கு, ஊதுவத்தி, கேஸ் அடுப்பு எதுவும் பக்கத்தில் எரியக்கூடாது.

எங்கள் லாரிப் பட்டறையில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) ப்ரைமரும், ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-கே ப்ரைமரும் எப்போதும் இருக்கும். மாடலுக்கு அதையே அடித்துத் தேய்த்துக்கொண்டால் தூசி பிரச்சினை தீராதா?
*வாசகர், நாமக்கல்*

தீராது. என்.சி. தின்னர் பாலிஸ்டிரீனைக் கரைக்கும். கனமாக அடித்த இடத்தில் பிளாஸ்டிக் முடிமுடியாக வெடித்து, கைப்பிடி, கிரில் போன்ற நுண்ணிய வேலைப்பாடு மழுங்கிப் போகும். கட்டாயம் பார்த்தே தீர வேண்டுமென்றால் உதிரிபாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தில் அடித்து ஒரு நாள் விட்டுப் பாருங்கள். டூ-கே ப்ரைமர் லாரி பாடியில் பட்டி போட்ட பள்ளத்தை நிரப்பவென்றே கனமாகச் செய்தது. 1:24 காரின் கதவு இடுக்கையும் அதே விசுவாசத்தோடு நிரப்பிவிடும். அதன் ஹார்டனரில் மூச்சுக்குக் கெடுதலான ஐசோசயனேட் உண்டு என்பதால் வீட்டுக்குள் அடிக்கவே கூடாது.

பட்டறையிலிருந்து எடுத்து வரவேண்டியது ஒன்று இருக்கிறது: கைட் கோட் பழக்கம். சாம்பல் ப்ரைமர் காய்ந்தபின் கறுப்பை எட்ட நின்று புகைபோல ஒரு தூவல் தூவி, 1500-ல் தேயுங்கள். மேடு இருக்கும் இடத்தில் கறுப்பு உடனே போகும், பள்ளத்தில் தங்கும். டார்ச் வெளிச்சத்துக்கும் தப்பிய குருணை இதில் தப்பாது.

ஏர் பிரஷ்ஷில் அடிக்கும்போது நடுநடுவே திப்பி விழுகிறது. அறை சுத்தமாகத்தான் இருக்கிறது.
*வாசகர், பொள்ளாச்சி*

அறையை விட்டுவிட்டு ஊசி முனையைப் பாருங்கள். முனையில் காய்ந்த ப்ரைமர் ஒட்டி, அவ்வப்போது பிய்ந்து பறக்கிறது. சில நிமிடத்துக்கு ஒருமுறை தின்னர் தொட்ட பிரஷ்ஷால் முனையைத் துடையுங்கள். பாட்டில் மூடியின் புரியில் காய்ந்த செதிலும் கோப்பைக்குள் விழும். மெல்லிய நைலான் துணியில் வடிகட்டி ஊற்றுங்கள். டீ வடிகட்டியின் கண் பெரிது. மிஸ்டர் சர்ஃபேசர் போன்றவற்றை ஒரு பங்குக்கு ஒன்று முதல் ஒன்றரைப் பங்கு அதற்கான தின்னர் சேர்த்து, 15 முதல் 20 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் அடித்தால் 0.3 மி.மீ. ஊசியிலும் ஓடும், 0.5-ல் நிம்மதியாக ஓடும். வட்டமான நீர்த்தடம் தெரிந்தால் அது கம்ப்ரசர் தண்ணீர். டேங்கின் அடித்திருகைத் திறந்து வடியுங்கள்.

ப்ரைமரில் குருணை இருந்ததைக் கவனிக்காமல் சிவப்பு அடித்துவிட்டேன். இப்போது கதவில் பரு மாதிரி நிற்கிறது.
*வாசகர், ஈரோடு*

லாக்கர் சிவப்பென்றால் இரண்டு மூன்று நாள், எனாமல் என்றால் குறைந்தது ஒரு வாரம் கழித்துக் கை வையுங்கள். 1500-ல் பருவை ப்ரைமர் மட்டம் வரை இறக்குங்கள். சாம்பலோ பிளாஸ்டிக்கோ தெரிந்தால் முன்பு அடித்த அதே நிற ப்ரைமரை அங்கே தொட்டு அடிக்காமல் சிவப்புக்குப் போகாதீர்கள். சிவப்பும் மஞ்சளும் அடி நிறத்தை மறைக்காத நிறங்கள். அடியில் இருப்பது திட்டாகத் தெரிந்துவிடும். பிறகு சிவப்பை அந்தப் புள்ளியில் மட்டும் அடிக்காமல் கதவு முழுவதும், இடுக்கு முதல் இடுக்கு வரை அடியுங்கள். நிற வித்தியாசம் இருந்தாலும் கதவுக் கோட்டில் நின்றுவிடும்.

மெட்டாலிக் நிறமாக இருந்திருந்தால் தேய்த்த இடத்தில் துகள்கள் வெட்டுப்பட்டு மங்கும், கதவு முழுக்க மறுபடி அடிப்பதைத் தவிர வழியில்லை. குருணை கிளியர் கோட்டில், அதாவது நிறத்தின்மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சில், விழுந்திருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி: 2000, 3000, பிறகு ரப்பிங் காம்பவுண்ட், முடிந்தது.

டை-காஸ்ட் உலோகக் காரில் தேய்க்கும்போது பளபளவென்று உலோகம் தெரிந்துவிட்டது. அப்படியே மேலே ப்ரைமர் அடிக்கலாமா?
*வாசகர், கரூர்*

துத்தநாகக் கலவையில் வார்த்த பாடி அது. சாதாரண அக்ரிலிக் ப்ரைமர் அதில் நகம் பட்டாலே உரியும். தெரிந்த இடத்தை 600-ல் லேசாகச் சொரசொரப்பாக்கி, உலோகத்துக்கான எட்ச் ப்ரைமரை அங்கே மட்டும் மெல்லியதாக அடித்து, அதன்மேல் உங்கள் ப்ரைமரை அடியுங்கள்.

எவ்வளவு தூசி இருந்தால் தேய்ப்பதை விட்டுவிட்டு முழுவதும் உரிக்கலாம்?
*வாசகி, பீளமேடு, கோவை*

ஒரு பேனலுக்கு ஐந்தாறு குருணை வரை தேய்ப்பதே லாபம். ரூஃப், பானெட், டிக்கி எல்லாவற்றிலும் பரவியிருந்தாலோ, ஏற்கெனவே மூன்று முறை தேய்த்து அடித்துக் கதவு இடுக்கு பாதி நிரம்பியிருந்தாலோ உரித்துவிடுங்கள். இன்னும் ஒரு கோட் அடித்தால் மூடிவிடும் என்று நினைப்பவர்கள்தான் கடைசியில் கதவே இல்லாத கார் செய்கிறார்கள். ப்ரைமர் தூசியை மூடாது, கொழுக்க வைக்கும்.

நீர்க்கலவை அக்ரிலிக் ப்ரைமர் அடித்திருந்தால் இந்த முடிவுக்குச் சீக்கிரமே வரலாம். அது தேய்த்தால் பொடியாகாமல் ரப்பர்போல் கிழியும். இரண்டு மூன்று நாள் நன்றாக இறுகவிட்டால்தான் ஓரளவு தேய்க்க வரும்.

உரிக்க என்.சி. தின்னரும் அசிட்டோனும் ஆகாது, பாடியே கரைந்துவிடும். செறிவான ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஊறவைத்துப் பாருங்கள், பல ப்ரைமர்கள் டூத் பிரஷ்ஷுக்கு இளகும். அசையாதவற்றுக்கு டாட் 3 பிரேக் ஆயில். மூடியுள்ள டப்பாவில் ஒரு இரவு ஊறட்டும், கையுறை கட்டாயம். கண்ணாடி பாகங்களையும் குரோம் பாகங்களையும் முதலிலேயே கழற்றிவிடுங்கள், ரெசின் பாடியென்றால் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்துச் சோதித்த பிறகே போடுங்கள். ஊறி எடுத்த பாடியைச் சோப்புத் தண்ணீரில் இரண்டு முறை கழுவுங்கள். இடுக்கில் ஆயில் தங்கினால் அடுத்த ப்ரைமர் அங்கே பிடிக்காது. முன்பு போட்ட பட்டி ஊறி மெத்தென்று ஆகியிருக்கும். நகத்தால் அழுத்திப் பாருங்கள்; அமுங்கினால் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுப் பட்டி போட்டு, அது இறுகிய பிறகே ப்ரைமர் கேனைக் கையில் எடுங்கள்.